ஒளி கழுவும் நீரும் ஒளி கழுவா உப்பும்

தோற்றுவாய்

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். நீரின்றி அமையாத உலகில் நூலும் அமையாது என்பதை உணர்ந்த வைப்புமுறை அது. எனவே தமிழ்த்துறை மலரில் வேதியியல் எதற்கு என்று வினவுவோர்க்கு நாம் கூறும் விடை எளியது: நீரைப் பற்றிப் பேசாத தமிழ் எக்காலத்தும் இருந்ததில்லை. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் புதுவழி ஒன்று உலகில் பேசப்படுமாயின், அஃது இன்னதென நம் மாணாக்கர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் தமிழில் எடுத்துரைப்பது தமிழாசிரியர் கடமையேயாகும்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் பழனியை அடுத்த பாலசமுத்திரம். கொடைக்கானல் மலைத்தொடரின் அடிவாரம். பாலாறு பொருந்தலாறு அணையின் நீர் அருகிலேயே நிற்கும் ஊர். மலையினின்று இறங்கும் நீரை அள்ளிப் பருகிய நாவுக்கு, நீரென்றால் இனிப்பது என்ற எண்ணமே இயல்பாயிற்று. அவ்வெண்ணம் முதன்முதலில் உடைந்த இடம், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள திண்டுக்கல். கோடை விடுமுறையில் அத்தாவுடன் மாமு வீட்டிற்குச் சென்ற நாம், முற்றத்துக் கிணற்றில் வாளியை இறக்கி நீரை மொண்டோம். தேநீர் போன்றதொரு பழுப்பு நிறம். வாயில் வைத்தால் கடல்நீர்க் கரிப்பு. மாமு தோல் ஷாப்பு ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவர். "சோறு போடுறதும் அந்தத் தொழில்தான், தண்ணியக் கெடுத்ததும் அந்தத் தொழில்தான். யாரப் போயி நான் கேக்குறது?" என்று அவர் அத்தாவிடம் கூறிய சொற்கள் இன்றும் நம் செவியில் உள்ளன.

பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்யும் நீரைப் பற்றி நம் பெரியோர் ஓர் இலக்கணம் கூறுவர். அசுத்தம் கலந்து நிறம், மணம், சுவை ஆகிய மூன்றனுள் ஒன்று மாறினாலும் அந்நீர் தூய்மை செய்யும் தகுதியை இழந்துவிடும். மாமு வீட்டுக் கிணறு மூன்றையும் இழந்திருந்தது. இம்மூன்றனுள் எவற்றை ஒளியால் மீட்க இயலும், எதனை மீட்க இயலாது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும்.

கோடகனாற்றுப் படுகை

திண்டுக்கல் தோல் வாணிகம் பழமையும் பெருமையும் உடையது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், கடல் கடந்து சென்றது. நம் சமுதாயத்தார் பலரின் வீடுகளில் அடுப்பெரித்த தொழில் அது. பின்னாளில் குரோமிய உப்புகளால் பதனிடும் முறையும் நாட்டில் பரவியது.

அறுத்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு வரை உப்பு இடுவர். ஷாப்பிற்கு வந்ததும் அத்தோலை ஊறவைத்து அவ்வுப்பை நீக்குவர், சுண்ணாம்பிட்டு மயிர் களைவர், பின்னரே பதனிடுவர். ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் வரை நீர் செலவாகும். அந்நீர் உப்பையும் சுண்ணாம்பையும் கொழுப்பையும் பட்டைச்சாற்றையும் சாயத்தையும் சுமந்து வெளியேறுகிறது. கோடகனாற்றின் மேற்படுகையில் 80க்கும் மேற்பட்ட தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் இயங்கியமையை நிலத்தடி நீர் ஆய்வாளர் குறித்துள்ளனர்.

இதன் விளைவு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று வழங்கப்பெற்ற தீர்ப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்த கணக்கைச் சுட்டுகிறது. குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசுற்றிருந்தன என்பதே அக்கணக்கு. நான்கு கிணறுகளுக்கு மூன்று கெட்டன என்று கொள்க. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே அதனை நீக்கும் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு நிறுவியது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்துமாறும் பணித்தது.

தேற்றாவும் தொட்டியும்

நீரைத் தெளியவைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. இல்லம் எனப்படும் தேற்றா மரத்தின் விதையால் கலங்கிய நீர் தெளிவதைக் கலித்தொகைப் பாட்டு ஒன்று உவமையாக்குகிறது. இன்றும் சிற்றூர்களில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரூற்றும் வழக்கத்தைக் காணலாம். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே படிகின்றன. இக்காலச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் இடுவதும் இதே நெறிதான். அதன்பின் காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு செரிக்கின்றன.

இவ்விரு படிகளும் பெரும்பணி செய்கின்றன எனினும் எச்சம் ஒன்று தங்குகிறது. சாய மூலக்கூறு வெயிலிலும் சோப்பிலும் வெளுக்காதவாறு மனிதன் திட்டமிட்டுச் செய்தது. துணியிலும் தோலிலும் நிலைத்து நிற்பதே அதன் சிறப்பு. நீரில் கலந்தபின் அச்சிறப்பே கேடாகிறது. நுண்ணுயிர்கள் அதனை எளிதில் செரிப்பதில்லை. பட்டைச்சாற்றின் துவர்ப்பொருள்களும் அத்தகையனவே. தேற்றாங்கொட்டை அழுக்கை அடியில் ஒதுக்கும், அழிக்காது. ஒதுக்கிய சேற்றை வேறோர் இடத்தில் கொட்டியாக வேண்டும். ஒதுக்குவதன்றி அழிக்கும் வழியுண்டோ எனத் தேடியோர்க்குக் கிடைத்ததே ஒளிவினையூக்கி.

ஒளிவினையூக்கி என்பது யாது?

தான் செலவழியாமல் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளை வினையூக்கி என்பர். ஒளி படும்போது மட்டும் அப்பணியைச் செய்வது ஒளிவினையூக்கி. இவ்வகையில் தலைமையானது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்மையான தூள். சுவருக்கு அடிக்கும் வெள்ளை வண்ணத்திலும் பற்பசையிலும் நாம் நாள்தோறும் காண்பதும் இதுவே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட்டு என்னும் கனிமம் இதன் மூலப்பொருள்களுள் ஒன்று. எனவே மணலும் நம்முடையது, வெயிலும் நம்முடையது.

1972ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர்களாகிய ஃபுஜிஷிமா, ஹோண்டா ஆகிய இருவரும் இப்பொருளின் மீது ஒளி பட்டபோது நீர் ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரிதலை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். எரிபொருள் தேடிய ஆய்வு அது. சில ஆண்டுகளுக்குள் அதே பொருள் நீரிலுள்ள நச்சுகளையும் சிதைக்கும் எனப் பிறர் கண்டனர். 1976இல் கனடாவில் குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்களையும், 1977இல் அமெரிக்காவில் சயனைடையும் இவ்வழியில் சிதைத்துக் காட்டினர்.

இது நிகழும் முறையை ஓர் உவமையால் விளக்குவோம். ஒரு வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் ஆட்கள் நெருங்கி அமர்ந்துள்ளனர். மாடி வெறுமையாய் உள்ளது. இரண்டிற்கும் இடையே படிக்கட்டு இல்லை. ஒரே தாவலில் ஏறும் வலிமை கிடைத்தாலன்றி எவரும் மேலே செல்ல இயலாது. டைட்டானியம் டை ஆக்சைடில் எலெக்ட்ரான்களின் நிலை இதுவே. அவை தாவ வேண்டிய உயரம் 3.2 எலெக்ட்ரான் வோல்ட். போதிய ஆற்றலுடைய ஒளித்துகள் வந்து மோதும்போது ஓர் எலெக்ட்ரான் மாடிக்குத் தாவுகிறது. கீழே அது இருந்த இடம் காலியாகிறது. அவ்வெற்றிடத்தைத் துளை என்பர்.

மாடியேறிய எலெக்ட்ரான் நீரில் கரைந்த ஆக்சிசனைப் பற்றுகிறது. கீழுள்ள துளையோ தன் வெறுமையை நிரப்ப அருகிலுள்ள நீர் மூலக்கூறினின்று ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கிறது. அவ்வாறு பறிகொடுத்த நீரினின்று ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கிறது. அதன் வாழ்நாள் கண்ணிமைப் பொழுதினும் மிகமிகக் குறுகியது. வலிமையோ குளோரின், ஓசோன் ஆகியவற்றையும் விஞ்சியது. எதிர்ப்படும் சாய மூலக்கூறைத் தாக்கித் துண்டு துண்டாக்குகிறது. வினை முற்றுப்பெறுமாயின் எஞ்சுவன கார்பன் டை ஆக்சைடும் நீரும் சில எளிய கனிம உப்புகளுமே. தூள் அப்படியே இருக்கிறது. அடுத்த ஒளித்துகளுக்குக் காத்திருக்கிறது.

மொட்டைமாடியில் மூன்று குப்பிகள்

ஏட்டில் படித்ததைக் கண்ணால் காண விழைந்தோம். வேதியியல் பயிற்றும் நண்பர் ஒருவர் மூன்று கண்ணாடிக் குப்பிகளில் மெத்திலீன் நீலச் சாயத்தைச் சிறிதளவு கரைத்த நீரை நிரப்பினார். முதற்குப்பியில் சாயநீர் மட்டும், வெயிலில் வைக்கப்பெற்றது. இரண்டாம் குப்பியில் சாயநீரும் வெண்தூளும். கறுப்புத் துணியால் மூடப்பெற்றது. மூன்றாம் குப்பியில் சாயநீரும் தூளும். வெயிலில் வைக்கப்பெற்று அவ்வப்போது குலுக்கப்பெற்றது.

முற்பகல் 11 மணிக்குத் தொடங்கினோம். லுஹர் தொழுகை முடித்துத் திரும்பியபோது முதற்குப்பி நீலமாகவே இருந்தது. இரண்டாம் குப்பியில் சாயம் சற்றே குறைந்திருந்தது; அஃது அழிவன்று, தூளின்மேல் ஒட்டிக்கொண்டதேயாகும் என நண்பர் விளக்கினார். மூன்றாம் குப்பியில் நீலம் முற்றும் மறைந்திருந்தது. தூள் அடியில் படிந்தபின் மேலே நின்றது தெளிந்த நீர். ஒளி தனித்தும் செய்யவில்லை. தூள் தனித்தும் செய்யவில்லை. இரண்டும் கூடிச் செய்தன.

மாமு வீட்டுக் கிணறு நம் நினைவிற்கு வந்தது. "இதில் உப்பைக் கலந்தால் என்னாகும்?" என்று வினவினோம். நண்பர் நான்காம் குப்பியொன்றில் சாயநீரும் தூளும் இட்டு, ஒரு பெருங்கரண்டி உப்பையும் கலந்து வெயிலில் வைத்தார். நிறம் மறைய முன்னதினும் நெடுநேரம் பிடித்தது. மறைந்தபின் அந்நீரைத் தட்டிலூற்றி வெயிலில் உலர்த்தினோம். மறுநாள் தட்டில் வெண்ணிற உப்புப் படிவம் எஞ்சியிருந்தது. நிறம் போயிற்று, உப்பு இட்டபடியே இருந்தது.

வழியின் எல்லைகள்

இச்சிறு சோதனை உணர்த்தும் உண்மை பெரிது. ஒளிவினையூக்கி உடைப்பது கரிமப் பொருளின் பிணைப்புகளை. சோடியமும் குளோரைடும் உடைவதற்கு ஏதுமில்லாதவை. அவை ஏற்கெனவே எளிய அயனிகள். அன்றியும் குளோரைடு அயனிகள் ஹைட்ராக்சில் உறுப்புகளைத் தாமே பற்றிக்கொண்டு சாயத்தை நோக்கிச் செல்லாமல் தடுக்கின்றன. ஆகவே உப்பு மிகுந்த தோல்கழிவில் இவ்வழி தன் முழு வலிமையைக் காட்ட இயலாது.

வேறு எல்லைகளும் உண்டு. முதலாவது, கதிரவன் ஒளியில் டைட்டானியம் டை ஆக்சைடு பயன்கொள்ளும் புறஊதாப் பகுதி நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கே. எஞ்சிய கண்ணுறு ஒளி வீணாகிறது. இதனால் கண்ணுறு ஒளியிலும் இயங்கும் பொருள்களை அறிஞர் தேடுகின்றனர். 2001இல் நைட்ரசன் ஊட்டிய டைட்டானியம் டை ஆக்சைடும், 2009இல் கார்பன் நைட்ரைடு என்னும் மஞ்சள்நிறப் பொருளும் இத்துறையில் கவனம் பெற்றன. பின்னதை யூரியாவைச் சூடாக்கியே செய்ய இயலும். நம் சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அசோச்சாயம் ஒன்றைக் கதிரவன் ஒளியில் சோதித்து, துத்தநாக ஆக்சைடு டைட்டானியம் டை ஆக்சைடினும் திறம்படச் செயற்பட்டதை 2003இல் வெளியிட்டனர்.

இரண்டாவது, கரிய நீருள் ஒளி புகாது. எனவே முதலில் நிற்க வேண்டிய வழியன்று இது; தெளிவித்தலும் நுண்ணுயிர்ப் பணியும் முடிந்தபின் இறுதியில் நிற்க வேண்டியது. மூன்றாவது, மாவினும் நுண்ணிய தூளை நீரினின்று மீண்டும் பிரித்தெடுத்தல் கடினம். அதனால் கண்ணாடித் தகட்டிலும் மணிகளிலும் அதனைப் பூசிப் பார்க்கின்றனர்; பூசினால் வினை நிகழும் பரப்பு குறைகிறது. நான்காவது, நிறம் போனமையே நஞ்சு போனமைக்குச் சான்றாகாது. அசோச்சாயம் பாதியில் உடைந்து நின்றால் நிறமற்ற அரோமாட்டிக் அமீன்கள் தோன்றலாம். அவற்றுட் சில புற்றுநோய்க்கு ஏதுவாவன. கண்ணை நம்பாமல் ஆய்வகத்தில் கரிமப்பொருளின் அளவைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

குரோமியத்தின் நிலை தனியானது. தனிமமாகிய அதனை ஒளியாலும் அழிக்க இயலாது. ஆயினும் கொடிய நஞ்சாகிய ஆறிணைதிறக் குரோமியத்தை, தாவியேறிய எலெக்ட்ரான் மூவிணைதிற நிலைக்கு மாற்றும். அதன்பின் வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். மற்றொன்றும் கருதத்தக்கது. டைட்டானியத் தூளைக் கந்தக அமில முறையில் செய்யும் ஆலையே பெருமளவு அமிலக்கழிவை வெளியிடுவது. ஆகவே செலவின்றிக் கிடைக்கும் தூய்மை என்று இதனைப் போற்றுதல் பொருந்தாது.

உப்புக்கு யாது வழி?

குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருத்தல் ஏற்புடைத்து. வேறு நீரில்லாவிடத்து 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உப்பு நீரில் கலந்துவிட்டால் அதனைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும். திருப்பூர்ச் சாயத்தொழில் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்கெனக் கட்டி 1992இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடப் பணித்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு செய்தோரே மீண்டும் தொழில் நடத்த இயன்றது.

தோல் தொழிலிலோ உப்பு நீரில் கலக்குமுன்னரே அதனைக் கைப்பற்ற எளிய வழியுண்டு. வந்திறங்கிய தோலை மரச்சட்டத்தின்மீது தட்டி உதறினால், ஒட்டியிருக்கும் உப்பில் ஒருபகுதி உலர்ந்தபடியே உதிரும். அதற்குத் தேவை கையுழைப்பேயன்றி அயல்நாட்டு எந்திரமன்று. அடுத்து, தோலை ஊறவைத்த உப்புநீரைப் பிற கழிவுகளோடு கலக்கவிடாமல் தனியே பிரித்து, உப்பளம் போன்ற பாத்திகளில் கதிரவனைக்கொண்டு உலர்த்தலாம். எஞ்சும் உப்பை மழை கரைத்து மீண்டும் நிலத்தில் இறக்காதவாறு காத்தல் வேண்டும். காவாது விட்டால் முன்செய்த முயற்சியெல்லாம் ஒரே மழையில் பாழாகும்.

ஆகவே நிறம், மணம் ஆகிய இரண்டையும் மாற்றிய பொருள்களை ஒளி பெரிதும் சிதைக்க வல்லது. மூன்றாவதாகிய சுவையைக் கெடுத்த உப்பை அது நமக்கே விட்டுவிடுகிறது. அது மனிதரின் கைக்கும் மனத்திற்கும் உரிய பணி.

நிறைவுரை

அறிவியல் புதுமை ஒன்று செய்தியாக வரும்போது, இனி எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று தொழில் நடத்துவோர் ஆறுதல் கொள்வதும், இதெல்லாம் வெறும் பேச்சு என்று கிணறிழந்தோர் ஒதுக்குவதும் இயல்பு. இரண்டும் தவறு. சின்னாளபட்டி போன்ற ஊர்களில் சிறிய அளவில் சாயமிடுவோர்க்கும், சுத்திகரிப்பு நிலையத்தின் இறுதிப்படிக்கும் ஒளிவினையூக்கி உதவும் நாள் வரலாம். அந்நாளை விரைந்து கொணர்வது இம்மலரைப் படிக்கும் அறிவியல் மாணாக்கரின் கையில் உள்ளது. மூன்று குப்பிகளும் ஒரு பிடித் தூளும் வெயிலும் போதும், ஆய்வைத் தொடங்குவதற்கு.

சமுதாயப் பெரியோர்க்கும் பணிவுடன் ஒன்று கூறுவோம். இத்தொழில் நமக்குச் சோறு போட்டது. நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. அந்நன்றியை மறவாதவாறே, அது அண்டைவீட்டாரின் கிணற்றைக் கெடுத்ததையும் ஒப்புக்கொள்ளுதல் நமக்கு இழிவன்று. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்காதீர் எனக் கேட்டு வளர்ந்தோர் நாம். வீணாக்குதலே தகாதெனின், கெடுத்தல் எங்ஙனம் தகும்?

பாலசமுத்திரத்து மலைநீர் சண்முகநதி வழியாக அமராவதியை அடைகிறது. திண்டுக்கல்லின் கோடகனாறும் வடக்கே ஓடி அதே அமராவதியில் கலக்கிறது. நாம் பிள்ளைப்பருவத்தில் பருகிய இனிய நீரும் மாமு வீட்டருகே ஓடும் உவர்நீரும் ஈற்றில் ஒரே ஆறாகிக் காவிரியில் சேர்கின்றன. மாமு மறைந்து ஆண்டுகள் பலவாயின. அவர் வீட்டுக் கிணற்றின்மேல் இன்று பலகைக்கல் மூடியிருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது என்ற அவருடைய வினாவிற்கு விடைகூற வேண்டியவர்கள் நாமே.